சுட்ட தோட்டாவின் நீளம்

ஜனவரி 11

துப்பாக்கி இன்று என் பெயருக்கு வந்தது.

ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோணிச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "பொங்கக் கரும்பா புள்ள? இம்புட்டுக் கட்டையா இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்பாவுக்குப் புரட்டாசியில் வலது பக்கம் விழுந்துவிட்டது. கை முழுவதும், கால் பாதி. பேச்சு திரும்பி வந்தது, கோபத்தையும் கூட்டிக்கொண்டு. லைசென்ஸை வாரிசு பெயருக்கு மாற்றாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் விவேக் பெங்களூரில் இருக்கிறான். அவன் பெயரை அம்மா எடுத்ததுமே அப்பா, "அவனுக்கு வேணாம்" என்றார். "பாப்பா பேருக்குப் போடு."

யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

நான் தத்துவம் படித்தவள். ஆய்வு பாதியில் நிற்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று வந்தேன். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

லைசென்ஸுக்காகக் கோட்டயம் பக்கம் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் பயிற்சி எடுத்தேன். அங்கே நான் முதலில் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு பென்சில் டப்பாவில் கிடக்கிறது. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

விரலில் துப்பாக்கி எண்ணெய். சோப்புப் போட்டும் போகவில்லை.


ஜனவரி 15

பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டையும் ஒரே மாதிரி நலம் விசாரித்தார்கள்.

துப்பாக்கி அமெரிக்காவில் செய்தது. அப்பாவைவிட மூத்தது. ஒரு குழல். குழலுக்கு அடியில் ஒரு மரப்பிடி. அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறும். தாத்தாவுக்கு எஸ்டேட் துரை விட்டுப்போனது.

"பெரியவர் துப்பாக்கி ஒதைச்சா ஒதைதான்" என்றார் ஒருவர். "எங்கய்யா ஒரு தடவை சுட்டுட்டு, பொங்கல் முடியிற வரைக்கும் தோள்பட்டைக்கு ஒத்தடம் குடுத்தாரு."

அப்பாவுக்குப் பெருமை. "ஒதைக்காத துப்பாக்கி துப்பாக்கியா? அது டார்ச்சு லைட்டு."

வந்தவர்கள் சிரித்தார்கள். கரும்பை மென்றுகொண்டே.

எல்லோரும் போன பிறகு அப்பாவிடமிருந்து எனக்கு ஒரே ஒரு கட்டளை. "வெறுந்துப்பாக்கியச் சொடுக்கிப் பாக்காத பாப்பா. உள்ள தோட்டாவ அடிக்கிற ஊசி பழசு. ஒடிஞ்சா அமெரிக்காவுக்குத்தான் போகணும்."


ஜனவரி 20

காட்டுப்பன்றிகள் எங்கள் பூண்டு நிலத்தின் வடக்குச் சரிவில் இறங்கிவிட்டன.

பூண்டை அவை தின்பதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். உண்மைதான். தின்னவில்லை. மண்புழுவுக்காகப் பாத்தி பாத்தியாக உழுது போட்டிருக்கின்றன. தின்றிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

சாயங்காலம் மரகதம் அக்கா வந்தாள். வார்டு மெம்பர். எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிலம். கையில் பஞ்சாயத்து உத்தரவு. இந்த மலை கேரளத்தில் இருக்கிறது. ஊர் தமிழ், காகிதம் மலையாளம்.

"பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டாச்சு. பன்னியச் சுடலாம். இந்தா, உம்பேரு."

"வேற ஆள் இல்லையாக்கா?"

"லைசென்ஸு வச்சிருக்கிறது ரெண்டே பேரு. இன்னொருத்தரு பைபாஸ் பண்ணிட்டுப் படுத்துருக்காரு. நீ பண்ணலைல்ல?"

ஒற்றைக் குண்டுத் தோட்டாவால் மட்டுமே சுட வேண்டுமாம். போன வருஷம் யாரோ சிதறிப் பாயும் சில்லறைக் குண்டு போட்டு, காயம்பட்ட பன்றி ஒரு கூலியாளின் தொடையைக் கிழித்துவிட்டது. ஒற்றைக் குண்டு என்றால் விரல்பருமன் ஈயம். பட்டால் முடிந்தது. படாவிட்டால் வெகுதூரம் போகும்.

"கறியும் கெடையாதாம் புள்ள. மண்ணெண்ணெய ஊத்திப் பொதைக்கணுமாம்."

உள்ளேயிருந்து அம்மா, "ரேசன்ல நமக்கே மண்ணெண்ணெ இல்ல. பன்னிக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள்.

பூண்டு இன்னும் பல் பிரியவில்லை. பிப்ரவரி கடைசியில்தான் பிடுங்க முடியும். அதுவரை நிலம் இருக்க வேண்டும்.


ஜனவரி 21

தண்ணீர் பாய்ச்சினேன். அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்தேன். ஒரு வரி படிக்கவில்லை.


ஜனவரி 25

தேனிக்குப் போய்த் தோட்டா வாங்கி வந்தேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"இழுத்துத் தள்ளுற பம்பு கன்னா? பழசுன்னா அளவு பாத்துக்கம்மா."

"அப்பா இதைத்தான் வாங்குவார்."

"அப்பச் சரி."

அப்பா என்று சொன்னால் எல்லாக் கடையிலும் எல்லாம் சரியாகிவிடுகிறது.


ஜனவரி 27

பெட்டியின் மேல் 70 என்று போட்டிருக்கிறது. மில்லிமீட்டர். தோட்டாவை எடுத்து ஸ்கேலில் வைத்தேன். எழுபது இல்லை. குறைகிறது. இன்னொன்றை வைத்தேன். அதுவும்.

படித்த பிறகு புரிந்தது. அந்த எண் மூடிய தோட்டாவுடையது அல்ல. தோட்டாவின் வாயை உள்பக்கம் மடித்திருப்பார்கள். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரியும். விரிந்த பிறகு அது எடுத்துக்கொள்ளும் நீளம்தான் எழுபது.

கொல்லைப்புற மண்மேட்டைப் பார்த்துத் துப்பாக்கியைக் கிடத்தினேன். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் புதுத் தோட்டா ஒன்றை விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எடுத்துவிட்டேன். பென்சில் டப்பாவில் இருந்த வெற்றுக்கூட்டை விட்டேன். அதுவும் எழுபதுதான், ஏற்கெனவே விரிந்தது.

போகவில்லை. ஓர் அரிசியின் நீளத்துக்கு வெளியே நின்றது.

மூடியிருக்கும்வரை இடம் போதும். விரியும்போதுதான் போதாது. விரிய இடமில்லாத வாய் குழலின் குறுகலில் போய் முட்டி நிற்கும். பின்னால் நெருப்பு. நடுவில் ஈயம். அழுத்தம் எங்கே போகும்? தோளுக்குப் போகும். ஊரே மெச்சுகிற அந்த உதை அதுதான். என்றைக்காவது குழல் தாங்காவிட்டால் பக்கவாட்டில் கிழியும், இடது கை பிடித்திருக்கும் இடத்துக்கு அருகில்.

சுட்ட தோட்டாக்களின் கூடுகளில் அம்மா விதை போட்டு வைப்பாள். கத்தரி, தக்காளி, அவரை. வாயில் துணியைத் திணித்து. எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டினேன். பழைய மஞ்சள் காகிதக் கூடுகள் வாய் வட்டமாக இருக்கின்றன. பிற்பாடு வாங்கிய சிவப்புக் கூடுகள் எல்லாம் நாய் கடித்ததுபோல் பிய்ந்திருக்கின்றன.

"அடியே, விதையக் கொட்டிட்டியே!"

"இந்தச் சிவப்பு ஏம்மா இப்படி இருக்கு?"

"அது அப்படித்தான். வாய் பிஞ்சு கெடக்கும், துணி நிக்காது. மஞ்சக் கூடுதான் விதைக்கு லாயக்கு."

அவரையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.


ஜனவரி 28

அப்பாவிடம் சொன்னேன்.

"உள்ள போகுதுல்ல?"

"போகுது."

"மூடுதுல்ல?"

"மூடுது."

"அப்புறம் என்ன."

வெற்றுக்கூட்டை அறையில் விட்டுக் காட்டினேன். துருத்திக்கொண்டு நின்றது.

"இது யாரு சுட்டது?"

"நான்."

"அதான்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா அந்தக் கூட்டை இடது கையில் வாங்கி வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை.

"இத்தன வருசம் வெடிக்காதது ஒனக்குன்னு வெடிக்குமா?"

படித்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் வகுப்பெடுப்பதுபோல் ஆனது எனக்கே கேட்டது. அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.


பிப்ரவரி 1

தேனிக் கடைக்குப் போன் செய்தேன். இந்த அறைக்குப் பொருந்தும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் தோட்டா இருக்கிறதா? "இப்ப யாரு கேக்குறா?" அறையை நீட்டிக் கடைய முடியுமா? "அந்தக் காலத்துக் குழல். மெலிசா இருக்கும். நான் கை வைக்க மாட்டேன்."

தெற்குப் பாத்திகள் போய்விட்டன. பட்டாசு போட்டோம். முதல் நாள் ஓடின. மறுநாள் வேடிக்கை பார்த்தன.


பிப்ரவரி 2

விவேக் பேசினான். துப்பாக்கி விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டான்.

"என்னைய அதத் தொடவே விட்டதில்ல தெரியுமா? சின்னதுல ஒருக்கா எடுத்துட்டேன்னு முதுகு பிஞ்சுபோச்சு. 'ஒனக்கு இது வேணாம்டா'ன்னு கத்துனாரு. பெட்டிக்குப் பூட்டு வந்ததே அதுக்கப்புறந்தான்."

"என்கிட்ட அந்தப் பூட்டுச் சாவியையே குடுத்துட்டார்" என்றேன்.

"பெரியாளுதான் போ."

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு இருக்காது.


பிப்ரவரி 5

பாதுகாப்பாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கியை லாரி டயரில் கட்டுவது. முன்னால் மண்மேடு. விசையில் நீளக் கயிறு. பாறைக்குப் பின்னால் நின்று இழுப்பது. குழல் கிழிந்தால் டயர் வாங்கிக்கொள்ளும்.

ஒரு தடவை தாங்கிவிட்டால் அடுத்த தடவையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. இருந்தாலும் ஏதோ ஒன்று.

மரகதம் அக்காவிடம் ஒரு டயரைக் கேட்டு வாங்கி வைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"துப்பாக்கியக் கட்டி வச்சுச் சுடுறதா? என்ன கொலைக்குத்தம் பண்ணுச்சு அது?"

"சோதிச்சுப் பாக்கத்தான்ப்பா."

"சுடுறதுன்னா தோள்ல வச்சுச் சுடு. இல்லாட்டிப் பெட்டியில போடு. டயர்ல கட்டுனேன்னு நாலு பேரு பேசுனா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"தோள்ல வச்சு வெடிச்சிட்டா?"

"வெடிக்காது."

கயிறு கூடாது. டயர் கூடாது. என் தோள் பரவாயில்லை.

டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.


பிப்ரவரி 8

இன்று அந்தியில் போனேன். போகவில்லை என்றால் ஊர் பேசும். சுடும் நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன்.

கல்வரப்புக்குப் பின்னால் நானும் மரகதம் அக்காவும். வெளிச்சம் மங்கும் முன்பே வந்துவிட்டன. முன்னால் ஒரு பெரிய பெட்டை. பின்னால் குட்டிகள், பெஞ்சில் இடம் பிடிக்கும் பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொண்டு.

"சுடு புள்ள" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

பெட்டையின் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு மஞ்சள் பல்பு.

"பின்னால உங்க வீடுக்கா."

"வீட்ல ஆளில்ல. சுடு!"

"மாடு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"மாடு இருக்கு."

சுடவில்லை. இந்தக் குண்டுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். வானமோ வீடோ மாடோ இருக்கக் கூடாது. பன்றிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு பாத்தி முழுவதையும் புரட்டிவிட்டுப் போயின. அக்கா என்னையும் பன்றியையும் சேர்த்துத் திட்டினாள்.


பிப்ரவரி 9

ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், "பன்னிக்கு வகுப்பெடுத்துட்டு வந்தியாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் அதைக் கேட்டு அப்பா சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு. பாதி முகம் மட்டும்.

"நீ சுட மாட்ட பாப்பா. எனக்குத் தெரியும்."

அதில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நிம்மதியாகச் சொன்னார்.

"சுடுவேன்."

"சரி சரி. மாத்திரைய எடு."


பிப்ரவரி 11

நிலத்தில் வேலை. வெள்ளை யூரியா சாக்குகளைக் கம்பில் மாட்டி இரண்டு பக்கமும் நட்டேன். இரண்டு சாக்குக்கும் நடுவே பன்றி வந்தால் பின்னால் செங்குத்துச் சரிவு. வெறும் மண். அங்கே மட்டும்தான் சுடுவேன். அந்த இடத்தில் பாத்தியைக் கிளறித் தண்ணீர் விட்டேன், மண்புழு மேலே வரட்டும் என்று.

பைக் ஓட்டுபவர்கள் போடும் கண்ணாடி ஒன்று. விவேக்கின் பழைய லெதர் கோட்டின் கையை வெட்டி ஓர் உறை தைத்தேன். இடது கைக்கு மட்டும். இரட்டைத் தோல்.

அம்மா வந்து நின்றாள். "இது எதுக்கு?"

"வெடிச்சா இந்தக் கைதாம்மா போகும்."

என் இடது கையைப் பார்த்தாள். பிறகு கூடத்துப் பக்கம் பார்த்தாள். அப்பா இடது கையால் டம்ளரைத் தூக்கிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் காப்பி.

"வெடிக்காதுன்னு அவரு சொன்னாரே?"

"அதனாலதான் சுடப்போறேன்."

தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா சொன்னது உண்மை என்றால் ஒன்றும் ஆகாது.
உண்மை இல்லை என்றால் அவர் என்னைத் தடுத்திருப்பார்.
தடுக்கவில்லை.

ஆகவே உண்மை. என் பழைய பேராசிரியர் இரண்டாவது வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஆதாரம் எங்கே என்று கேட்பார்.


பிப்ரவரி 12

காலையில் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது முன்கதவு தாழ்போட்டிருந்தது. பகலில் இந்த வீட்டில் கதவைச் சாத்துவதில்லை. அம்மா திறக்க நேரமானது.

அவள் கையில் எண்ணெய் மணம். பூண்டு மணத்துக்கு மேலே.

"தையல் மிஷினுக்கு எண்ணெ போட்டேன்" என்றாள்.

மிஷின் மேல் உரச்சாக்கு அடுக்கியபடியே இருக்கிறது.

அப்பா வேட்டியெல்லாம் வியர்வையாகத் தூங்குகிறார், வேலை செய்துவிட்டு வந்தவர்போல. சாப்பாட்டுக்கு எழுப்பினேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

துப்பாக்கி பெட்டியில் இருக்கிறது. பூட்டு பூட்டியபடி. சாவி நான் வைத்த ஆணியில், ஆனால் வளையம் மறுபக்கம் திரும்பி.

நிறைய கவனிக்கிறேன். பதற்றம். சாயங்காலம் போக வேண்டும்.


பிப்ரவரி 13

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் அதைக் கலைத்துவிடும்.

ஒரே ஒரு தோட்டா போட்டேன். விரல் விசைக்கு வெளியே. இந்த மாதிரிப் பழைய துப்பாக்கியில் விசையை அழுத்திக்கொண்டே பிடியை முன்னால் தள்ளினால் தானாக வெடித்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்பா கோயில் திருவிழாவில் அதையே ஒரு வித்தையாகச் செய்து காட்டுவாராம்.

கண்ணாடி போட்டேன். உறை போட்டேன். மரகதம் அக்கா, "என்ன புள்ள, நெலாவுக்கா போற?" என்றாள்.

வந்தன. இந்த முறை நேராகச் சாக்குகளுக்கு நடுவே. கிளறி வைத்த ஈரத்துக்கே வந்தன. பெட்டை பக்கவாட்டில் நின்றது. பின்னால் மண். வெறும் மண். நான் போட்ட படத்துக்குள் அது வந்து நின்றதுபோல் இருந்தது.

கன்னத்தை வைத்தேன். மரம் குளிர்ந்தது. பயம் இல்லை என்று எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். வீட்டுப் பக்கமிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஒரு கணம் காது கொடுத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான். குளிரில் பல் பட்டுக்கொள்ளும் அளவுக்குச் சத்தம். பெட்டை தலையைத் தூக்கியது. பார்த்தது. மறுபடி குனிந்தது.

வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்கக் கூடாது. உள்ளே நெருப்பு ஊர்ந்துகொண்டிருக்கலாம். தாமதமாக வெடிக்கலாம். திறந்த நேரத்தில் வெடித்தால் முகத்தில். ஆகவே குழலை மண்மேட்டுக்கு நேராகப் பிடித்தபடி, தோளிலிருந்து எடுக்காமல், அசையாமல் காத்திருக்க வேண்டும்.

"மாத்து புள்ள! அடுத்ததப் போடு!"

"முடியாதுக்கா. காத்திருக்கணும்."

"பன்னியா காத்திருக்கும்?"

காத்திருந்தது. அதுதான் கொடுமை. பன்றி ஒன்றும் போகவில்லை. என் எதிரிலேயே, நான் குறிவைத்த இடத்திலேயே, குடும்பத்தோடு தின்றது. ஒரு பாத்தி முடித்து அடுத்த பாத்திக்கு வந்தது. குட்டி ஒன்று பூண்டுத்தாளை மிதித்துத் தும்மியது. கண்ணாடி பனித்துவிட்டது. நான் விதி சொன்னதைவிட அதிகமாகவே நின்றேன். அழுதேனா என்று தெரியவில்லை. உறையில் துடைத்தேன்.

எல்லாம் போன பிறகு திறந்தேன். தோட்டா சேற்றில் விழுந்தது. துடைத்து டார்ச் அடித்தேன். அடியில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் இருக்கும். ஊசி வந்து அதைத்தான் அடிக்கும். அடித்தால் பள்ளம் விழும்.

பள்ளம் இல்லை. கீறல்கூட இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த அதே வழுவழுப்பு.

வீட்டுக்கு நடந்தேன். மரகதம் அக்கா பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா அவர் பக்கத்தில் நின்றாள். டிவி ஓடவில்லை. துப்பாக்கியைத் திறந்தபடி மேசையில் வைத்தேன்.

"குமிழ்ல அடியே விழல."

அப்பா இடது கையை விரித்தார். உள்ளங்கையில் ஊசி. கறுத்துப்போன ஓர் ஆணி மாதிரி இருந்தது.

"நான்தான் புடிச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா. "அவருக்கு ஒரு கைதான. அவரு திருகுனாரு, நான் புடிச்சுக்கிட்டேன். காலையில பூராவும்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அப்பா ஊசியை வேட்டியில் துடைத்தார்.

"தெரியும்லப்பா?"

"தேனிக் கடைக்காரன் அப்பவே சொன்னான். அறை சின்னது, இந்தத் தோட்டா ஆகாதுன்னு. விவேக்கு அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சான்."

"அப்புறமும் சுட்டீங்களே?"

"என் கைதான."

"அவனுக்கு வேணாம்னு சொன்னீங்க. அடிச்சுச் சொன்னீங்க. எனக்கு?"

அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சுடுவேன்னு நான் நெனைக்கவே இல்ல பாப்பா. உம்பேர்ல இருந்தா வீட்ல கெடக்கும். அம்புட்டுத்தான் நெனச்சேன்."

ஆக, என்னிடம் கொடுத்தது துப்பாக்கி இல்லை. அதை வைக்க ஓர் இடமாக என்னைத் தேர்ந்திருக்கிறார். பெட்டி மாதிரி. அதற்குப் பூட்டு தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. வெடிக்கவே முடியாத ஒன்றுக்காகப் பன்றிகள் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். டயரில் கட்டியிருந்தால் தெரிந்திருக்குமே என்றேன்.

"அவரு சொல்லுவாராக்கும்" என்றாள் அம்மா. யாருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தெரியவில்லை.

நான் என் அறைக்குப் போகத் திரும்பியபோது அப்பா சொன்னார், சுவரைப் பார்த்து:

"வேணாம் பாப்பா. இனிமே வேணாம்."

விவேக்குக்குச் சொன்ன அதே சொல். அடி மட்டும் இல்லை.


பிப்ரவரி 14

பேசவில்லை. மாத்திரை கொடுத்தேன்.


பிப்ரவரி 15

மிச்சப் பூண்டைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு. பல் பிரியவில்லை. வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டையாக இருக்கிறது. பச்சைப் பூண்டாகப் போகும், பாதி விலைக்கு. பன்றிக்கு விடுவதற்கு அது மேல்.

மரகதம் அக்காவும் தன் நிலத்தைப் பிடுங்குகிறாள். வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து வசவு வந்துகொண்டே இருந்தது. மண்ணுக்கு, பன்றிக்கு, பிரசிடெண்டுக்கு, எனக்கு.

அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் வைத்தோம். வீட்டில் இருக்க மாட்டேன் என்றார்.

"என்ன மாமா" என்று அக்கா அங்கிருந்தே கத்தினாள். "ஊருக்கே பூச்சாண்டி காட்டுன துப்பாக்கி, சமயத்துல கைய விரிச்சிருச்சே! உங்க மவ என்னத்தையோ தப்பா அமுக்கிருச்சா?"

நான் நிமிரவில்லை. அப்பா என்னைக் கை காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவ மேல தப்பில்ல மரகதம்" என்றார் அப்பா. "அது ஒதைச்சது நல்லதுக்கில்ல."

"என்னது?"

"துப்பாக்கி. மொதல்லேருந்தே கோளாறு. எனக்குத் தெரியும்."

அக்கா பூண்டுத் தாளைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "அப்ப இத்தன வருசம்?"

அப்பா குவியலிலிருந்து ஒரு பூண்டை எடுத்து, தாளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அரிவாளால் அறுத்தார். அடுத்தது. பனி ஈரம். தாள் விரலை அறுக்கிறது. ரத்தம் பூண்டில் பட்டதைப் பார்த்தேன். அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

நாளை துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன். ஊசியை ஒரு சிவப்புக் கூட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா சொன்னது சரி, துணி நிற்கவில்லை. நூல் கட்டினேன்.

கோபம் போகவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, யாரிடமும் இல்லாமல், "அந்த ஒறை எங்க?" என்று கேட்டார்.

என் இடுப்பில்தான் செருகியிருந்தேன். அவருடைய இடது கைக்குச் சரியாக இருந்தது. ஒற்றைக் கையால் உறை மாட்ட முடியாது.

நான் பிடித்துக்கொண்டேன்.